ஒரே ஒரு ஓடு

போன மாதம் எங்கள் வீட்டு நிலைப்படியைக் கரையான் தின்றுவிட்டது. தேக்கு. அதுவும் யாரோ காட்டிய தேக்கு இல்லை. நானே மரக்கடையில் ஏறி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து எடுத்த தேக்கு. வெளியே வார்னிஷ் பளபளவென்று நிற்கிறது. விரலை வைத்து அழுத்தினால் அப்பளம் மாதிரி உள்ளே போகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து மருந்து அடிக்க ஓர் ஆள் வந்தார். வீட்டைச் சுற்றித் தரையில் துளை போட்டு, குழாயை விட்டு மருந்தை ஏற்றினார். மண்ணெண்ணெயும் அழுகின முட்டைக்கோசும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். என் சம்சாரம் சரோஜா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டில் யார் எந்த வேலை செய்தாலும் நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்துதான் இந்த வீடே எழும்பியது.

சும்மா இருக்க முடியாமல் அந்த ஆளிடம், இந்த வேலையை எங்கள் நிலத்தில் ஒருத்தர் ஓசியில் செய்துகொண்டிருந்தார் என்றேன். அவர் குழாயிலிருந்து தலையைத் தூக்காமலேயே கேட்டார்: “எந்தக் கம்பெனி சார்? இன்னும் ஓட்டிக்கினு கீறாங்களா?”

சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகுதான் மனசு எங்கேயோ போய் இடித்துக்கொண்டது.

அழுங்கு பார்த்திருக்கிறீர்களா நீங்கள்? எறும்புத்தின்னி என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். உடம்பு முழுக்க ஓடு வேய்ந்த மாதிரிச் செதில். பல் கிடையாது. நாக்கு மட்டும் நீளம். புற்றைப் பிளந்து நாக்கை விட்டு இழுத்தால் கரையான் கூட்டமே குடும்பத்தோடு உள்ளே போய்விடும். யாராவது கிட்டே வந்தால் கடிக்காது, சீறாது. தலையை வயிற்றில் செருகி, வாலை மேலே போர்த்தி, பந்தாகச் சுருண்டுகொள்ளும். புலி வந்தால்கூட அந்தப் பந்தைப் பிரிக்க முடியாதாம். அதனால்தான் அது மனிதன் வந்தாலும் ஓடாது. அப்படியே சுருளும். கூடையில் எடுத்துப் போட்டுக்கொண்டு போகலாம். ஆண்டவன் எல்லாவற்றையும் யோசித்துப் படைத்தான், கோணிப்பையை மட்டும் யோசிக்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டவன் என்பது மரியாதைக்கு. உண்மையில் வாத்தியார்தான் என்னை விட்டார். களமருதூர்ப் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அங்கிருந்து ஓடிவந்து கள்ளக்குறிச்சியில் ஒரு லாரியில் கிளீனராக ஒட்டிக்கொண்டேன். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டுபோகும் லாரி. புதிதாகப் பிடுங்கிய கிழங்குக்கு ஒரு வாசம் உண்டு. ஈர மண்ணும் பச்சைப் பாலும் சேர்ந்த வாசம். ஒரு பகல் வெயிலில் கிடந்தால் புளித்துவிடும். அந்தப் புளித்த வாசத்தின் மேல் கோணி விரித்துப் படுத்துத்தான் நான் வாலிபத்தைக் கழித்தேன். இன்றைக்கும் சின்னசேலம் பக்கம் ஆலைக்காற்று அடித்தால் எனக்குப் பசிக்கும். மற்றவர்கள் கார் கண்ணாடியை ஏற்றுவார்கள், நான் இறக்குவேன்.

கிளீனர், டிரைவர், பிறகு சொந்த லாரி, பிறகு இன்னொரு லாரி. யார் காலிலும் விழவில்லை. இதை நான் எல்லா இடத்திலும் சொல்வேன், இங்கேயும் சொல்லிவிட்டேன்.

அந்தக் காலத்தில் வெள்ளிமலைக்குப் போகும் பாதையைப் பாதை என்று சொன்னால் பாதைக்கே வெட்கமாக இருக்கும். லாரி மாட்டு வண்டிக்கு வழி விட்டுப் போகும். அதனால் எதையும் நின்று பார்க்க முடிந்தது. பொழுது விடிகிற நேரத்தில் ஏறினால், முயலைவிடக் கொஞ்சம் பெரிதான சருகுமான் ஒன்று சக்கரத்துக்கு முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருக்கும். முள்ளம்பன்றி முள்ளைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டு குறுக்கே போகும். எங்கள் டிரைவர், பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர் சொல்வதுபோல ஒவ்வொன்றின் பெயரையும் கத்துவார். தேவாங்கைக் காட்டும்போது மட்டும், “தோ பாரு, உங்க சித்தப்பன்” என்பார். நான் அப்போது அவ்வளவு ஒல்லி. கண் மட்டும் பெரிது. இப்போது வயிற்றைப் பார்த்து யாரும் நம்ப மாட்டார்கள்.

செத்த மாட்டைத் தோல் உரித்துப் போடும் இடத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பார்க்க அருவருப்பாக இருக்கும், கல்லெடுத்து அடித்திருக்கிறோம். எல்லாம் எப்போது போனது என்று யோசித்துப் பார்க்கிறேன். எதற்கும் கடைசி நாள் நினைவில்லை. இதுதான் கடைசி என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அல்லவா வண்டியை நிறுத்தி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருப்போம். ஒருநாள் பாதையில் தார் போட்டார்கள். வண்டி வேகமாகப் போனது. அப்புறம் பார்க்க ஒன்றும் இல்லை. வேகமாகப் போனதால் தெரியவில்லையா, இல்லாததால் வேகமாகப் போனோமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வயது ஏறின பிறகு கச்சிராயப்பாளையம் தாண்டி மலையடிவாரத்தில் நிலம் வாங்கினேன். அதில் ஒரு மூலை முழுக்கக் கரடு. கல்லும் முள்ளும் புற்றுமாகக் கிடந்தது. மூத்தவன் செல்வம் அப்போதுதான் இன்ஜினியரிங் முடித்திருந்தான். நான் படிக்காத படிப்பையெல்லாம் அவன் தலையில் ஏற்றினேன். வேலைக்குப் போகாமல் ஜேசிபி எடுத்து ஓட்டவிட்டான், என் ரத்தம் வேறு எப்படி இருக்கும்? அந்த வண்டியையே கொண்டுவந்து கரட்டைச் சமமாக்கச் சொன்னேன்.

வண்டியின் கை ஒரு புற்றின் விலாவைப் பெயர்த்தபோது பழுப்பாக ஒன்று உருண்டு வந்து வரப்பில் மோதி நின்றது. வண்டி ஓட்டுகிறவன் எட்டிப் பார்த்து, யாரோ பலாப்பழத்தைப் புதைத்து வைத்திருக்கிறார்கள் என்றான். பக்கத்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த லட்சுமணன் ஓடி வந்தான். அவன் மலைக்காரன். மேலே கிழங்குக்காடு, கீழே என் நிலத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு. என் வயதுதான். என்னை ‘மொதலாளி’ என்று கூப்பிடுவான். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“பலாப்பழம் மூச்சு உடுமா? நல்லாப் பாரு” என்றான்.

பார்த்தேன். பந்து மெதுவாக ஏறி இறங்கியது. குனிந்து தொட்டேன். நகத்தைத் தொட்ட மாதிரி இருந்தது, ஆனால் இடுக்கில் சூடு. “ஓடு, ஓடு” என்று விரட்டினேன். லட்சுமணன், அது உடம்பெல்லாம் ஓடுதான் மொதலாளி, ஓடத்தான் தெரியாது என்றான். வண்டியை அணைக்கச் சொல்லிவிட்டு எல்லாரும் தள்ளி நின்றோம். வெகுநேரம் கழித்து ஒரு மூக்கு வந்தது. பிறகு மிளகு மாதிரி ஒரு கண். நகங்களை உள்ளே மடக்கி, புறங்கையை ஊன்றிக்கொண்டு, பெண் பார்க்கப் போன வீட்டில் செருப்பைத் தொலைத்தவன் மாதிரித் தலைகுனிந்து நடந்து கல்லிடுக்கில் போய்விட்டது.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. ஜேசிபியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

செல்வம் சிரித்தான். “எறும்பு துன்றதுக்கா இம்மாம் எடத்த உடறீங்க?” என்றான். நான் சொன்னேன்: “நீ பாக்காததையெல்லாம் நான் பாத்துட்டேன்டா. உன் புள்ள, உன் தங்கச்சி புள்ள இத ஒண்ணையாவது கண்ணால பாக்கட்டும். செல்லுல வாணாம்.” அவன் சிரிப்பை நிறுத்தினான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்து, பையனுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

புரிந்ததற்கு அடையாளமாக அவனே ஒரு பேனர் அடித்துக்கொண்டு வந்தான். நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும், காதுகுத்துக்குப் பேனர், செத்தால் பேனர். ‘இங்கு அழுங்கு பாதுகாக்கப்படுகிறது, யாரும் தொந்தரவு செய்யக்கூடாது’ என்று கொட்டை எழுத்து. வெள்ளைச் சட்டையோடு கைகூப்பியபடி என் படம் ஆளுயரத்துக்கு. மூலையில் அழுங்கு, உள்ளங்கை அளவு. லட்சுமணன் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இதுல அழுங்கு எது மொதலாளி?” என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, “வெலாசம் போட்டு வச்சிட்டீங்க” என்றான். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

நல்ல காரியம் செய்தால் நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். கள்ளக்குறிச்சியில் மாடி கட்டினவன் தெருவுக்கு ஒருத்தன் இருக்கிறான், அழுங்கு வைத்திருப்பவன் நான் ஒருத்தன்தான் என்று சொன்னேன். காட்டிலாகா காவலர் ஒருத்தர் வந்து பார்த்துவிட்டு, ரொம்ப நல்ல வேலை, ஆனால் அந்தப் பேனரை மட்டும் கழற்றிவிடுங்கள், சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

காலையில் போய்ப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அதை நேரில் பார்த்தது குறைவு. புதிதாகப் பிளந்த புற்று, வளை வாயில் ஈர மண், வால் இழுத்த கோடு. அதுவே போதும். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளை ஊருக்கு வந்து நாம் தூங்கும்போதே சாப்பிட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

என் மகள் மல்லிகாவைத் திருக்கோவிலூரில் கொடுத்திருந்தோம். இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. சரோஜா ஏறாத கோயில் இல்லை. மூன்றாவதாகத்தான் பெண் குழந்தை பிறந்தது. யாழினி. அது பிறந்த நாளிலிருந்து, தூக்கத்தில் திடுக்கென்று உதறிக்கொண்டு வீறிட்டு அழும். ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு ஒன்றும் இல்லை, போகப் போகச் சரியாகும் என்றார்கள். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் ‘போகப் போக’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? மல்லிகாவின் மாமியார் ஒரு யோசனை சொன்னார். தாய்மாமன் கையால் அழுங்கு ஓடு ஒன்றை அரைஞாணில் கோத்துக் கட்டினால் பயம் தெளிந்துவிடும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அப்படித்தான் கட்டினார்களாம்.

இந்தப் பேச்சு என் காதுக்கு வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறிவிட்டு எழுந்தேன். என் அழுங்கின் மேல் எவனாவது கை வைத்தால் நடக்கிறது வேறு, குழந்தையைச் சென்னையில் பெரிய டாக்டரிடம் காட்டலாம், நான் கூட்டிப் போகிறேன் என்றேன். சரோஜா என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். செல்வம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மறுபேச்சு இல்லை என்றால் சம்மதம் என்று நான் இத்தனை வருஷம் அர்த்தம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த ஐப்பசியில் வளை வாயில் புது மண் வரவில்லை. புற்றுகள் பிளந்தது பிளந்தபடி இருந்து, பிறகு மூடிக்கொண்டன. லட்சுமணனைக் கேட்டால், முகத்தைத் திருப்பிக்கொண்டு களையைப் பிடுங்கினான். இரண்டு முறை கேட்டேன், காது கேட்காதவன் மாதிரி இருந்துவிட்டான். செல்வம்தான் ஆறுதல் சொன்னான். “மழைக்கு மேல ஏறிப் போயிருக்கும்ப்பா. கோடைக்கு எறங்கிடும்.” செல்லில் ஏதோ தேடிப் படித்தும் காட்டினான். எனக்கு அவன் படிப்பின் மேல் நம்பிக்கை. டீக்கடையில் எல்லாரிடமும், நம் ஆள் மலைக்குப் போயிருக்கிறார், கோடைக்கு வருவார் என்று சொல்லிவைத்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. ஒருத்தர் மட்டும் என் டம்ளரில் டீ தீர்ந்ததைப் பார்த்து எனக்கு இன்னொரு டீ சொன்னார். அவருக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

கோடையில் யாழினிக்கு முடியிறக்கிக் காது குத்தினார்கள். திருக்கோவிலூரில், தென்பெண்ணைக் கரையோரம் அவர்கள் குலதெய்வக் கோயிலில். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல் சுட்டது. மொட்டைத் தலையில் சந்தனம் அப்பி, தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்தார்கள். செல்வம் பட்டு வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊசி குத்தியதும் குழந்தை வீறிட்டு நெளிந்தது, சட்டை மேலே ஏறியது. இடுப்பில் புது வெள்ளி அரைஞாண். அதில் தொப்புளுக்குக் கீழே, வெள்ளிப் பூண் கட்டி, ஒரு ஓடு.

பழைய தேன் நிறம். மேலே நெடுகக் கீறல் கீறலாகக் கோடு. கடைசியில் கொஞ்சம் கூம்பி இருந்தது. நான் அதைத் தொட்டவன். எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மனசு என்ன செய்யும், உலகத்தில் அழுங்கு ஒன்றுதானா, எங்கேயாவது பழைய ஓடு கிடைத்திருக்கும் என்று சமாதானம் தேடியது.

அதற்குள் சம்மந்தியம்மா என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. சபையில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “உங்க நெலத்துதாமே சம்மந்தி. உசுரா வச்சிருந்தீங்கன்னு சொன்னாங்க. எங்க கொழந்தைக்காவ அதையே குடுத்துட்டீங்க. கட்டினதுலேர்ந்து பாப்பா அசந்து தூங்குது.” கைகூப்பினார். அவர் குரலில் துளியும் பொய் இல்லை. அந்த அம்மாவை நான் என்ன சொல்ல முடியும்? அவர் வீட்டுக்காரர் வந்து என் தோளில் துண்டு போர்த்தினார். நானும் கைகூப்பினேன். வாங்கிய மரியாதைகளை ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பவன் நான், இதை மட்டும் இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

கூட்டத்தில் சரோஜாவைத் தேடினேன். என்னைப் பார்த்துக்கொண்டேதான் நின்றிருந்தாள். நான் பார்த்ததும் இலை போடப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது செல்வம் கார் ஓட்டினான். நான் பக்கத்தில். சரோஜா பின்னால். வழி நெடுகக் கரும்பு. அவனே ஆரம்பித்தான்.

“ஒரே ஒரு ஓடுதாம்பா கேட்டேன்.”

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நகம் மாதிரிதான், ஒண்ணு எடுத்தா மொளைச்சிக்கும்னாங்க. வெளியூரு ஆளுங்க. எடுத்துட்டு உட்டுடறோம்னுதான் சொன்னாங்க.”

“மீதி ஓடு?”

கியர் மாற்றினான். நேர் ரோடு. மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

“மீதி எங்கடா?”

“அவங்க எடுத்துக்கினு பூட்டாங்கப்பா. கோணியில.”

நான் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. கத்தவில்லை. மேலே ஏறியிருக்கும், கோடைக்கு இறங்கும் என்று சொன்னாயே என்று மட்டும் கேட்டேன். அதற்குச் சரோஜா பின்னாலிருந்து பதில் சொன்னாள். “நான்தான் அப்டி சொல்லச் சொன்னேன். ரெண்டு வாரிக் குடுத்தவ அவ. அந்தக் கொழந்த நீலம் பாரிச்சி அழுவச்சே நீங்க பாக்கல, நான் பாத்தேன். இருக்குது இருக்குதுன்னு ஊருக்கே சொல்லிக்கினு திரிஞ்சது நீங்க. நாங்களா எடம் காட்டணும்?”

முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியது அன்றுதான்.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதனால்தான் ஆறவில்லை. என் மகன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபம், இரண்டு அடி வைத்திருப்பேன், ஊரைக் கூட்டியிருப்பேன். அவன் தங்கச்சி பிள்ளைக்காகச் செய்தான். நானும் அதே பிள்ளைக்காகத்தான் அந்தக் கரட்டை விட்டு வைத்தேன், அது பிறப்பதற்கு முன்னாலேயே. ஆளுக்கு ஒரு பக்கம் ஒரே குழந்தையின் பெயரைச் சொல்லிக்கொண்டு இழுத்தோம். அழுகை நின்றுவிட்டது என்கிறார்கள். நிற்கட்டும். குழந்தை என்றால் ஒருநாள் அழுகை நிற்கத்தான் செய்யும். ஆனால் இதை நான் சரோஜாவிடம் சொன்னதில்லை. சொன்னால், குழந்தை அழுதிருந்தால் பரவாயில்லையா என்று கேட்பாள்.

அவர்கள் என்னிடம் கேட்டிருக்கலாம் என்று சில நாள் தோன்றும். கேட்டால் கொடுத்திருக்க மாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டிருக்கலாம். அத்தனை மாதம் வளை வாயில் போய் நின்று, இன்றைக்கு வந்திருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேனே, அதை வீட்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள். காலையில் நான் கிளம்பும்போது செருப்பை எடுத்து வைப்பது சரோஜாதான். அது செத்ததைவிட எனக்கு இதுதான் அறுக்கிறது என்றால், நான் அழுங்குக்காக அழுகிறேனா எனக்காக அழுகிறேனா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மறுநாள் லட்சுமணனிடம் போனேன். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு என்னை முதல்முறை பார்ப்பவன் மாதிரிப் பார்த்தான்.

“உங்களுக்குத் தெரியாதா?” என்றான். “உங்க புள்ளதான் ஆளுங்களக் கூட்டியாந்து நின்னுது. நீங்க அனுப்பித்தான் வந்துதுன்னு நெனச்சேன். அதான் உங்க மூஞ்சியப் பாக்கவே புடிக்கல.”

அப்படியானால் நான் வளையைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், தெரிந்துகொண்டே நடிக்கிறேன் என்றுதான் இவன் நினைத்திருக்கிறான். என்னைப் பற்றி அப்படி ஒருவன் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் நான் அவன் எதிரில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பேனரில் கைகூப்பிக்கொண்டு நின்றிருந்தேன். இல்லை லட்சுமணா, எனக்குத் தெரியாது என்றேன். அவன் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. நம்பிய பிறகு, தண்ணீர்க் குடத்தை எடுத்து எனக்கு ஊற்றினான். இருவரும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு அவன் மொதலாளி என்று கூப்பிடவில்லை.

வருஷங்கள் போய்விட்டன. சண்டை ஒன்றும் இல்லை எங்கள் வீட்டில். செல்வம் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறான். முட்டி வலிக்குத் தைலம் வாங்கி வருகிறான். கரட்டைச் சமமாக்கலாமா என்று ஒருமுறை கேட்டான், வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. சரோஜா சமைத்துப் போடுகிறாள், நான் சாப்பிடுகிறேன். அவர்கள் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். முன்பெல்லாம் அப்படியே நம்புவேன். இப்போது, சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளுக்குள் ஒருமுறை தட்டிப் பார்க்கிறேன்.

போன மழைக்கு முன்னால் ஒரு நாள் லட்சுமணன் வந்தான். வாசலிலேயே நின்று, கொஞ்சம் வந்துட்டுப் போங்க என்றான். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் பீடியைத் தலைகீழாகப் பற்ற வைத்துக்கொண்டிருந்தான். போனேன். எந்தப் பக்கம் போனோம், எவ்வளவு தூரம் ஏறினோம், அங்கே போய் என்ன பார்த்தோம் என்பதெல்லாம் எங்கள் இருவரோடு இருக்கட்டும். நீங்கள் நல்லவர்தான். என் மகனும் நல்லவன்தான்.

இந்தப் பள்ளி விடுமுறைக்கு யாழினி வந்திருந்தாள். அரைஞாண் எல்லாம் அறுந்து எந்தக் காலமோ ஆயிற்று. இப்போது இரட்டைச் சடை போட்டு இங்கிலீஷில் படிக்கிறாள். அவள் புத்தகத்தில் அழியும் விலங்குகள் என்று ஒரு பாடம், ஒரு பக்கம் முழுக்கப் படங்கள். ஒன்றின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். செல்வம் அந்தப் பக்கம் சோபாவில் செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தாத்தா, இது நம்ம நெலத்துல இருந்துச்சாமே. இப்ப இருக்குதா?”

செல்வத்தின் விரல் செல்லின் மேல் நின்றுவிட்டது. சமையலறையில் பாத்திரச் சத்தமும் நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது.

“இல்ல கண்ணு” என்றேன். “ஒண்ணே ஒண்ணுதான் இருந்துது. அதுவும் பூட்டுது.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“அப்ப எனக்கு?”

அவளுக்குக் காட்டவேண்டும் என்றுதான் எல்லாம். லட்சுமணனோடு போய்ப் பார்த்ததை அவளிடம் சொன்னால் மாமனிடம் சொல்வாள். மாமனிடம் சொல்லாதே என்று சொன்னால், ஏன் என்று கேட்பாள்.

“உனக்கு இல்ல கண்ணு” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு மாமன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.